நாடு கடந்து கற்ற நங்கை

கல்வி தேடி அயல்நாடு செல்லும் மாணவர் இக்காலத்திற் பலர். வானூர்தியில் ஏறி ஒரே நாளில் உலகின் மறுகோடியை அடைந்துவிடலாம். ஆயினும், புதிய நாட்டில் காலடி வைத்த முதல் நாட்களில் மாணவர் உள்ளத்தில் எழும் கலக்கம் எக்காலத்துக்கும் பொதுவானது. மொழி விளங்காமை, சுற்றத்தாரைப் பிரிந்த ஏக்கம், கைப்பொருட் குறைவு, தனிமை ஆகிய நான்கும் ஒருங்கே வந்து சூழ்ந்துகொள்ளும். இந்நான்கையும் எதிர்கொண்டு வென்று, அறிவியல் உலகில் அழியாப் புகழ் பெற்றவர் மேரி கியூரி அம்மையார். இரேடியத்தைக் கண்டறிந்தவர் என்று அவரை உலகமே அறியும். அப்பெரும் புகழுக்கு அடிப்படையாய் அமைந்தது, 1891ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அவர் தொடங்கிய மாணவ வாழ்க்கையாகும். அதனை இப்பாடத்திற் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மரியா ஸ்கோடவுஸ்கா என்பது அம்மையாரின் இயற்பெயர். அவர் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் போலந்து நாட்டு வார்சா நகரில் பிறந்தார். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். மக்கள் ஐவருள் மரியாவே இளையவர். மூத்த தமக்கையார் நச்சுக்காய்ச்சலால் இறந்தார். தாயாரும் 1878ஆம் ஆண்டில் எலும்புருக்கி நோய்க்கு இரையானார். அப்போது மரியாவுக்கு வயது பத்து.

அந்நாளில் வார்சா நகரம் இரசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் இரசிய மொழியிலேயே பாடம் நடைபெற வேண்டும் என்பது ஆள்வோர் ஆணை. ஆசிரியர்கள் தம் நாட்டு வரலாற்றைக் கதவை அடைத்துக்கொண்டு மறைவாகக் கற்பித்தனர். மேற்பார்வையாளர் வந்துவிட்டால் போலிஷ் நூல்கள் கணப்பொழுதில் மறைக்கப்படும். மாணவியர் கையில் ஊசியும் நூலும் தோன்றும். அவருக்கு விடையிறுக்கும் கடமை, இரசிய மொழியை நன்கு பேசவல்ல மரியாவின்மீதே விழும். பிறர் மொழியில் அச்சத்தோடு விடை கூறிய அந்தச் சிறுமி, தன் விருப்பத்தால் வேறொரு மொழியைக் கற்று அதிலே அறிவியல் பயிலும் நாளும் பின்னர் வந்தது.

1883ஆம் ஆண்டில் மரியா பொற்பதக்கம் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால் அதற்கு மேற்படிக்க வழியில்லை. வார்சாப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. அறிவு வேட்கை மிக்க இளைஞர் சிலர், காவலர் கண்ணுக்குப் படாமல் வீடு மாற்றி வீடு கூடிக் கல்வி கற்றுவந்தனர். ஓரிடத்தில் நிலையாது இயங்கியமையால் அது பறக்கும் பல்கலைக்கழகம் எனப்பட்டது. மரியாவும் அவர் தமக்கை பிரோனியாவும் அங்கே பயின்றனர். ஆயினும், ஆய்வுக்கூடமும் தேர்வும் பட்டமும் வேண்டுமானால் அயல்நாடு செல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

உடன்பிறந்தார் ஒப்பந்தம்

பிரோனியாவின் விருப்பம் மருத்துவராதல். மரியாவின் விருப்பம் அறிவியல் கற்றல். இருவர் நெஞ்சமும் பாரிசு நகரையே நாடின. இருவரையும் ஒருங்கே அனுப்பத் தந்தையாரிடம் பொருள் இல்லை. தனித்தனியே சேமித்தால் எவருக்குமே வழி திறவாது என்பதை மரியா உணர்ந்தார். ஆகவே, அவர் ஒரு திட்டம் வகுத்தார். முதலில் பிரோனியா பாரிசு செல்ல வேண்டும். மரியா வீட்டு ஆசிரியையாகப் பணியாற்றிப் பொருள் அனுப்ப வேண்டும். பிரோனியா மருத்துவரானபின் தங்கையின் கல்விக்கு உதவ வேண்டும். தமக்கை முதலில் மறுத்தார்; பின்னர் இசைந்தார்.

1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினெட்டு வயது நங்கையாகிய மரியா, வார்சாவுக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது மைல் தொலைவிலிருந்த சிற்றூருக்குச் சென்று, நிலக்கிழார் ஒருவர் வீட்டில் ஆசிரியையாக அமர்ந்தார். ஆண்டுக்கு 500 ரூபிள் ஊதியம். அதில் ஒரு பெரும் பகுதியைத் தமக்கைக்கு அனுப்பிவந்தார். பகலில் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்; ஓய்வு நேரத்தில் உழவர் பிள்ளைகளைக் கூட்டித் தாய்மொழி எழுத்தறிவித்தார். வெளிப்பட்டால் ஆள்வோரின் தண்டனைக்கு ஆளாகவேண்டிய செயல் அது. இரவில் இயற்பியலும் கணிதமும் தாமே பயின்றார். ஐயம் எழுந்தபோது தந்தையாருக்கு எழுதினார். தந்தையாரும் கடித வாயிலாகக் கணிதம் கற்பித்தார்.

ஆண்டுகள் பல கழிந்தன. 1890ஆம் ஆண்டில் பிரோனியாவிடமிருந்து கடிதம் வந்தது. பாரிசில் வாழ்ந்த போலந்து நாட்டவராகிய காசிமிர் துவுஸ்கி என்பவரைத் தாம் மணக்கவிருப்பதாகவும், மரியா வந்து தம் இல்லத்தில் தங்கிப் படிக்கலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். நெடுங்காலம் காத்திருந்த அழைப்பு வந்தபோது, மரியா உடனே புறப்படவில்லை. முதிய தந்தையாரைத் தனியே விட்டுச்செல்ல மனம் ஒருப்படவில்லை. இனித் தமக்குக் கல்வி கைகூடுமோ என்னும் சோர்வும் இருந்தது. அந்நாளில் அவருடைய உறவினர் ஒருவரின் மேற்பார்வையில் வார்சாவில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மரியா அங்கே சென்று, நூலிற் கண்ட சோதனைகளைத் தம் கையாற் செய்து பார்த்தார். அணைந்துபோகவிருந்த ஆர்வம் மீண்டும் சுடர்விட்டது. 1891ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் பயணத்துக்கு ஆயத்தமானார்.

பாரிசு நகர் அடைதல்

வார்சாவிலிருந்து பாரிசு ஏறத்தாழ 1,000 மைல். நல்ல வண்டியில் செல்லப் பணம் போதாது. செருமானிய நாட்டின் வழியே செல்லும் தொலைவுக்கு நான்காம் வகுப்புச் சீட்டே வாங்கினார். அவ்வகுப்பில் முறையான இருக்கைகள் இல்லை. ஆகையால் மடக்கு நாற்காலி ஒன்றைத் தம்முடன் கொண்டுசென்றார். வழியுணவும் போர்வையும் உடன்கொண்டார். பாரிசில் பொருள்களின் விலை மிகுதி என்று அறிந்து, மெத்தையையும் படுக்கை விரிப்புகளையும் முன்னதாகவே சரக்கு வண்டியில் அனுப்பிவிட்டார். இரண்டொரு ஆண்டுகளில் திரும்பிவந்து தந்தையாருடன் வாழ்வதே அப்போது அவர் எண்ணம்.

புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, மரியாவின் உள்ளத்தை முதலிற் கவர்ந்தது அந்நகரின் உரிமைக் காற்றேயாகும். மக்கள் தத்தமக்கு வேண்டிய மொழியில் அச்சமின்றிப் பேசினர். கடைகளில் எந்நாட்டு நூலும் தடையின்றி விற்கப்பட்டது. அடிமை நாட்டிலிருந்து வந்த அந்நங்கைக்கு இவையெல்லாம் புதுமைகள்.

சார்போன் எனப்படும் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் அறிவியற் பிரிவில் அவர் பெயர் பதிவு செய்துகொண்டார். மரியா என்னும் பெயரைப் பிரெஞ்சு முறைப்படி மேரி என்று எழுதிக் கொடுத்தார். 1891ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் வகுப்புகள் தொடங்கின. அறிவியற் பிரிவில் பயின்ற ஏறத்தாழ 1,800 மாணவருள் பெண்கள் 23 பேர் மட்டுமே இருந்தனர்.

தமக்கையின் வீடு நகரின் வடகிழக்குப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து பல்கலைக்கழகம் செல்லக் குதிரைகள் இழுக்கும் இரண்டடுக்கு வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும். வண்டியின் மேல்தட்டில் கூரை இல்லை. குளிரும் காற்றும் முகத்தில் அறையும். ஆயினும் அங்கே கட்டணம் குறைவு. எனவே மேரி அங்கேயே அமர்ந்து சென்றார். புதிய நகரின் தெருக்களையும் பாலங்களையும் அவர் கண்டறிந்தது அந்த மேல்தட்டிலிருந்துதான்.

வகுப்பறையில் கண்ட இடர்

மேரி பிரெஞ்சு மொழியை இளமையிலேயே கற்றவர். அம்மொழி நூல்களைத் தடையின்றிப் படித்தவர். ஆகவே வகுப்பில் மொழியால் இடர் நேரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. ஆனால் பேராசிரியர்கள் விரைந்து விரிவுரை நிகழ்த்தியபோது, சில வாக்கியங்கள் முழுமையாகவே பிடிபடாமல் நழுவின. ஏட்டிற் கண்ட மொழியும் காதில் விழும் மொழியும் வேறுபடுதலை அவர் உணர்ந்தார்.

அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டு மாணவர் உயர்நிலைப் பள்ளிகளில் முறையாகக் கணிதம் பயின்று வந்தவர்கள். மேரி பெற்றதோ கடிதத்தாலும் தனிமுயற்சியாலும் ஆங்காங்கே சேர்த்த கல்வி. தம் கல்வியில் எத்துணை இடைவெளிகள் உள்ளன என்பது அவருக்கு முதல் மாதங்களிலேயே தெளிவாயிற்று. இருபத்து நான்கு வயது நிரம்பவிருந்த அவர், தம்மினும் இளையோரைவிடப் பின்தங்கி நின்றார். எனினும் அவர் நாணி ஒதுங்கவில்லை. வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தார். விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டார். விடுபட்ட கணிதப் பகுதிகளை முதலிலிருந்து கற்றார். லிப்மன், அப்பெல் முதலிய பெரும்பேராசிரியர்களின் விரிவுரைகள் அவருக்கு ஊக்கமளித்தன.

அன்பு நிறைந்த வீடு

தமக்கையின் வீட்டில் மேரிக்கு எக்குறையும் இல்லை. பிரோனியா அன்புடன் உணவளித்தார். மைத்துனர் காசிமிர் நகைச்சுவை மிக்கவர், அவரும் மருத்துவர். மாலையில் பாரிசுவாழ் போலந்து நாட்டவர் பலர் அங்கே கூடுவர். தாய்மொழிப் பேச்சும், தாய்நாட்டு உணவும், இசையும் அவ்வீட்டில் நிறைந்திருக்கும். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற இசைவாணர் பதெரெவ்ஸ்கியும் அங்கு வந்து பியானோ வாசித்ததுண்டு. ஒரு விழாவில், தளையறுத்து எழும் போலந்து அன்னையாக மேரி கோலம் புனைந்து நின்றார். அதனைக் கேள்வியுற்ற தந்தையார் மகிழ்ந்தாரில்லை. பாரிசிலும் இரசிய அரசின் ஒற்றர் உள்ளனர், நாடு திரும்பும் காலத்தில் இச்செயல் இடையூறாகலாம் என்று எச்சரித்து எழுதினார்.

அயல்நாட்டில் இத்தகைய வீடு கிடைத்தல் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. முதல் மாதங்களின் ஏக்கத்தைத் தணித்தது அவ்வீடே. ஆனால் அங்கே படிப்புக்கு வேண்டிய அமைதி இல்லை. விருந்தினர் வருகையும், நோயாளிகள் அழைப்பும், மைத்துனரின் உரையாடலும் மாலைப்பொழுதைக் கவர்ந்துகொண்டன. தாய்மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால் பிரெஞ்சு மொழி நாவிற் படியாது. போக்குவரத்துக்கே நாள்தோறும் இரண்டு மணி நேரம் கழிந்தது. வண்டிக் கட்டணமும் சுமையாயிற்று. எதனைத் தேடி இத்துணைத் தொலைவு வந்தோமோ அதற்கு நேரமில்லையே என்று மேரி எண்ணினார். அன்பையும் சினத்தையும் கலந்து வருந்திய தமக்கையை அமைதிப்படுத்தி, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பல்கலைக்கழகத்துக்கு அருகே தனியறை ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். பிரோனியாவும் காசிமிரும் உடன்வந்து தட்டுமுட்டுப் பொருள்களை இடம்மாற்றிக் கொடுத்தனர். மனக்கசப்பின்றிப் பிரிந்தமையால் உறவு குறையவில்லை.

மாடியறை வாழ்க்கை

உணவு, உடை, அறை வாடகை, நூல், பல்கலைக்கழகக் கட்டணம் ஆகிய அனைத்துக்கும் மேரியிடம் இருந்தது மாதம் 40 ரூபிள். பிரெஞ்சு நாணயத்தில் அது நாளொன்றுக்கு மூன்று பிராங்கு ஆகும். அதற்கேற்பக் கூரையை ஒட்டிய மாடியறையையே அவர் தேர்ந்தார். ஆறு மாடி ஏறவேண்டும். விளக்கு, நீர், கணப்பு எதுவும் அவ்வறையில் இல்லை. நிலக்கரியைத் தாமே வாங்கி வாளியில் இட்டு, மாடிதோறும் நின்று மூச்சுவாங்கிச் சுமந்து சென்றார். நிலக்கரிச் செலவையும் விளக்கெண்ணெய்ச் செலவையும் குறைக்க எண்ணி, மாலையில் வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள பொதுநூலகத்துக்குச் சென்று, இரவு பத்து மணிக்கு அது மூடும்வரை படித்தார். பின்னர் அறைக்குத் திரும்பி, சிறு எண்ணெய் விளக்கின் முன் நள்ளிரவு கடந்தும் பயின்றார். கடுங்குளிர் இரவுகளில் பாத்திரத்து நீர் பனிக்கட்டியாக உறையும். உறக்கம் வரவேண்டித் தம்மிடமிருந்த ஆடைகள் அனைத்தையும் போர்வையின்மேல் குவித்துக்கொள்வார்.

உணவில் மேரி செய்த சிக்கனம் எல்லை கடந்தது. பல நாட்கள் ரொட்டியும் வெண்ணெயும் தேநீருமே அவருக்கு உணவு. ஒருநாள் அவர் மயங்கி வீழ்ந்தார். செய்தி அறிந்து விரைந்து வந்த காசிமிர், அறையில் சமைத்ததற்கு உரிய அடையாளம் ஒன்றும் காணாமல், என்ன உண்டாய் என்று துருவித் துருவி வினவினார். முந்திய நாளிலிருந்து சில முள்ளங்கிகளும் சிறிது செர்ரிப் பழமுமே உண்டமை வெளிப்பட்டது. அவர் அப்பொழுதே மேரியைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். பிரோனியா நல்ல உணவு சமைத்து உண்பித்து உறங்கவைத்தார். சில நாட்களில் உடல் தேறிய மேரி, இனி முறையாக உண்பதாக உறுதி கூறித் தம் அறைக்குத் திரும்பினார்.

மாணவர்களே! மேரியின் உழைப்பைப் போற்றும் நாம், அவர் உடலைப் பேணாமல் விட்டதைப் போற்ற வேண்டுவதில்லை. பசித்த வயிற்றோடு பயில்வது வீரமாகாது. உடல் தளர்ந்தால் உள்ளமும் தளரும். தனியே வாழ்வோர்க்குத் தம்மைத் தேடிவந்து பார்க்கும் உறவினரோ நண்பரோ இன்றியமையாதவர் என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

உழைப்பின் பயன்

1893ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இயற்பியல் பட்டத் தேர்வு நடைபெற்றது. பேராசிரியர்களும் தேர்வெழுதியோரும் கூடிய மன்றத்தில் முடிவுகள் தகுதி வரிசைப்படி படிக்கப்பட்டன. முதலில் ஒலித்த பெயர் மேரியின் பெயரே. மொழி விளங்காமல் தடுமாறிய மாணவி, இரண்டே ஆண்டுகளில் அனைவருக்கும் முதல்வராய்த் தேறினார்.

அடுத்துக் கணிதப் பட்டமும் பெற அவர் விரும்பினார். ஆனால் கைப்பொருள் தீர்ந்துவிட்டது. அந்நிலையில் வார்சாவிலிருந்த தோழி ஒருவரின் முயற்சியால், அயல்நாட்டிற் பயிலும் சிறந்த மாணவர்க்கு உரிய 600 ரூபிள் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்கு மேல் வாழ அது போதுமானதாயிற்று. 1894ஆம் ஆண்டில் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின், எஃகின் காந்தப் பண்பு பற்றிய ஆய்வுக்காகத் தமக்குக் கிடைத்த முதல் ஊதியத்திலிருந்து சேமித்து, அந்த 600 ரூபிளையும் திருப்பி அனுப்பினார். உதவித்தொகையைத் திருப்பித் தருதல் அதற்கு முன் நிகழாத ஒன்று, கொடுத்தோர் வியந்தனர். தாம் பெற்ற உதவி, தம்மைப்போல் வறுமையில் வாடும் மற்றொரு மாணவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே மேரியின் கருத்து.

பிற்கால வாழ்வு

1894ஆம் ஆண்டில் பியேர் கியூரி என்னும் அறிஞரைச் சந்தித்த மேரி, மறு ஆண்டில் அவரை மணந்தார். இருவரும் இணைந்து செய்த ஆய்வினால் 1898ஆம் ஆண்டில் இரண்டு புதிய தனிமங்கள் வெளிப்பட்டன. முதலிற் கண்டதற்குத் தம் தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயரிட்டனர், மற்றொன்று இரேடியம். உலகப் படத்தில் தனிநாடாக இடம்பெறாதிருந்த போலந்தின் பெயர், தனிமங்களின் வரிசையில் இடம்பெற்றது. 1903ஆம் ஆண்டில் இயற்பியலுக்கும் 1911ஆம் ஆண்டில் வேதியியலுக்கும் அம்மையார் நோபெல் பரிசு பெற்றார்.

1906ஆம் ஆண்டில் பியேர் கியூரி சாலை விபத்தில் இறந்தார். அவர் வகித்த ஆசிரியப் பொறுப்பு அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள், நிறைந்த அவையின் முன், கணவர் விட்ட இடத்திலிருந்து அம்மையார் பாடத்தைத் தொடர்ந்தார். சார்போனில் விரிவுரை நிகழ்த்திய முதற் பெண்மணி அவரே. அதே பல்கலைக்கழகத்தில், பேராசிரியரின் பேச்சு விளங்காமல் அவர் தவித்த நாளுக்குப் பின் பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன.

போலந்து விடுதலை பெற்றபின், 1932ஆம் ஆண்டில் வார்சாவில் இரேடிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அம்மையாரின் முயற்சியால் எழுந்த அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் தமக்கை பிரோனியாவே. இளமையில் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்த உடன்பிறந்தார், முதுமையிலும் நாட்டுப்பணியில் இணைந்து நின்றனர். 1934ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். நெடுங்காலம் கதிரியக்கப் பொருள்களிடையே உழைத்தமையால் அவர் உடல்நலம் சீர்குலைந்திருந்தது. 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடு அவருடைய உடலைத் தன் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றி மதிப்புச் செய்தது.

அயல்நாட்டு மாணவியாய் வந்த ஒருவர் அந்நாட்டின் பெருமக்களுள் ஒருவரானார். அவரைத் தாங்கியவை மூன்று: தமக்கை காத்த வாக்கு; தம் குறையை அறிந்து அதனை நிரப்பிய முயற்சி; பெற்ற உதவியைப் பிறருக்கு வழங்கிய நன்றியுணர்வு. கல்வியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர் எவர்க்கும் இம்மூன்றும் வழித்துணையாகும்.